எல்லைக்கோட்டில் நிற்கிறவன் கணக்கு

ராபின் சிங் 136 ஒருநாள் ஆட்டங்கள் ஆடினார். பிடித்த கேட்சுகள் 33. அவரோடு அதே அணியில் ஆடிய அசாருதீன் 334 ஆட்டங்களில் 156 பிடித்தார். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு அசாருதீன் 0.47, ராபின் சிங் 0.24. கணக்கின்படி ராபின் சிங் பாதி ஃபீல்டர். தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்த ஆட்டங்களைப் பார்த்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். டிரினிடாடில் பிறந்து, சென்னைக்கு வந்து, 1987-88இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர் அவர். பந்து தன்னிடம் வரும்வரை காத்திராமல் பந்தை நோக்கி ஓடிய சில இந்தியர்களில் ஒருவர். 2007இல் இந்திய அணிக்கே ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆனார். ஆக, கண் ஒன்று சொல்கிறது, எண் வேறொன்று சொல்கிறது.

ஜான்டி ரோட்ஸை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. 52 டெஸ்டில் 34 கேட்ச். ராகுல் திராவிட் 164 டெஸ்டில் 210. (2025 ஜூலையில் லார்ட்ஸில் ஜோ ரூட் தாண்டும்வரை அதுதான் சாதனை.) ஆட்டத்துக்கு ரோட்ஸ் 0.65, திராவிட் 1.28. இங்கேயும் பாதி. 1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ரன் அவுட் ஆக்க ஸ்டம்பை நோக்கிப் பறந்தாரே, அந்தப் படத்தைப் பார்க்காத கிரிக்கெட் ரசிகன் இல்லை. அது இந்த 34இலும் இல்லை, அவருடைய ஒருநாள் கேட்சுகள் 105இலும் இல்லை. ஸ்லிப்பில் நிற்கிறவனிடம் பந்து கேட்சாகத்தான் வரும். பாயிண்டிலும் எல்லைக்கோட்டிலும் நிற்கிறவனிடம் பந்து பெரும்பாலும் தரையில் உருண்டு வரும். முன்னவனுக்குக் கணக்கில் ஒரு கட்டம் இருக்கிறது. பின்னவனுக்குக் கட்டமே இல்லை.

இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியது அல்ல, வேறு எதையோ பற்றியது என்று முன்கூட்டியே சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. இது விளையாட்டைப் பற்றியதுதான். இன்னும் குறிப்பாக, மைதானத்தின் கடைசியில் நிற்கிறவனின் உழைப்பை எண்ணால் அளக்க முடியுமா, முடிந்தால் எப்படி, அளப்பதால் அவனுக்கு நன்மையா கெடுதலா என்பதைப் பற்றியது. விளிம்பு, விளிம்பு என்று முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். நிஜமாகவே விளிம்பில் நிற்கிற ஒருத்தனைப் பற்றி ஒரு தடவை பேசினால் என்ன?

வாலாஜாபாத்தில் எங்களுக்கு மைதானம் பாலாறு. தண்ணீர் ஓடாத மாதங்களில் மணல் இறுகிக் கிடக்கும் பக்கமாகப் பார்த்து ஸ்டம்ப் நடுவோம். டென்னிஸ் பந்து. நான்தான் இருப்பதிலேயே சிறியவன், அதனால் "டேய், நீ போய் லாங்ல நில்லுடா" என்பார்கள். லாங் என்றால் லாங் ஆனா, லாங் ஆஃபா என்றெல்லாம் கிடையாது, தூரமாகப் போய் நிற்பது, அவ்வளவுதான். பந்து பின்னால் போனால் முள்ளுக்குள் தேடி எடுத்து வருவதும் நம் பொறுப்பு. ஆள் குறைந்தால் காலனியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். அவர்களும் லாங்தான். எனக்கு வயது ஏற ஏற இடம் உள்ளே வந்தது, ஒரு கட்டத்தில் மட்டையும் கைக்கு வந்தது. அவர்களுக்கு முறை வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டாத நாளில் வேறு ஏதாவது வரும்.

நாலு எழுத்து அழகாக எழுதுவேன் என்று ஸ்கோர் நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அந்த நோட்டுகளில் ஒன்று வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. போன வருஷம் எடுத்துப் பார்த்தேன். காலனிப் பையன்கள் இருவர் பெயரும் அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. மட்டை பிடிக்கவில்லை, பந்து போடவில்லை, ஆகவே எழுத இடமில்லை. அவர்கள் கேட்ச் பிடித்தபோதெல்லாம் 'கேட்ச் - சப்' என்று எழுதியிருக்கிறேன். பெயர் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும். நோட்டில் அப்படித்தான் எழுதுவது என்று நினைத்திருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை.

'சப்' என்று எழுதுவது நான் கண்டுபிடித்ததும் அல்ல. 1971 ஆகஸ்ட் 24, லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து 101இல் சுருண்டது அந்த இன்னிங்ஸில்தான். அந்த ஸ்கோர் அட்டையை நிதானமாகப் படித்தால் அது ஃபீல்டர்களின் அட்டை என்று தெரியும். டி'ஒலிவேராவின் கேட்சைப் பிடித்தவர் மாற்று ஆள் ஜெயந்திலால், 'சப்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பவர் அவர். லக்ஹர்ஸ்டைப் பிடித்தவர் சென்னையின் வெங்கட்ராகவன். முதல் இன்னிங்ஸில் 90 அடித்த ஆலன் நாட், வெங்கட்ராகவன் பந்தில் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கரிடம் ஒரு ஓட்டத்தில் போனார். சோல்கர் முழு உடம்பையும் நீட்டித் தரையோடு தரையாகப் பாய்ந்து எடுத்த பந்து அது.

சோல்கரின் அப்பா பம்பாய் இந்து ஜிம்கானாவில் மைதானப் பராமரிப்பாளர். குடும்பம் அந்த மைதானத்திலேயே ஒரு குடிசையில் குடியிருந்தது. பையன் அங்கே நடந்த ஆட்டங்களுக்கு ஸ்கோர் பலகையில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தான். ஆட்டத்துக்கு 1.96. இருபது டெஸ்டுகளுக்குக் குறையாமல் ஆடிய, விக்கெட் கீப்பர் அல்லாதவர்களில் இதுதான் மிக உயர்ந்த விகிதம். தலைக்கவசம் இல்லாத காலம், மட்டைக்கு நாலடி தூரம். இங்கே எண்ணும் கண்ணும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்ச்சியடையலாம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நாலு சுழல்பந்து வீச்சாளர்களின் காலம் அது. ஷார்ட் லெக்கில் வந்து விழுந்த வாய்ப்புகள் எத்தனை? வேகப்பந்து அணி ஒன்றில் பிறந்திருந்தால் சோல்கருக்கு 53 வந்திருக்குமா? அல்லது அதே இடத்தில் சுமாரான ஒருத்தன் நின்றிருந்தால் அவனுக்கும் நாற்பது வந்திருக்குமா? அட்டை பதில் சொல்லாது. பிடித்தது தெரிகிறது. பிடிக்க வந்தது எத்தனை என்று தெரியவில்லை. வகுத்தி இல்லாமல் விகிதம் போடுகிறோம்.

இந்த இடத்தில்தான் பேஸ்பால் நமக்கு உதவும். நம்மில் யாரும் ஆடியதில்லை, பரவாயில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒன்பது பேர் தடுக்கிறார்கள், அதில் மூன்று பேர் வெளிக்களத்தில், அதாவது இடது, நடு, வலது என்று வெகுதூரத்தில் நிற்கிறார்கள். அடித்த பந்து தரையில் படுமுன் பிடித்தால் ஆள் அவுட். விழுந்துவிட்டால் அடித்தவன் ஒரு தளமோ இரண்டு தளமோ ஓடிவிடுவான். நம் லாங் ஆனும் டீப் மிட்விக்கெட்டும்தான் அவர்கள், கையில் தோலுறை போட்டுக்கொண்டு.

அவர்களுடைய கணக்கின் தொடக்கம் நம்முடையதுதான். ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தில் எக்ஸிடரில் பிறந்தவர். சிறு வயதில் அமெரிக்கா போனார், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் பேஸ்பாலுக்கு மாறினார், கிரிக்கெட் அட்டையைப் பார்த்தே பேஸ்பாலுக்கு அட்டவணை போட்டார். அதில் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு கட்டம் வந்து சேர்ந்தது: பிழை. ஃபீல்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்யத் தவறினால் ஒரு பிழை. செய்தவற்றை, செய்தவை - பிழைகள் இரண்டின் கூட்டலால் வகுத்தால் ஃபீல்டிங் சதவீதம். நூறு ஆண்டுக்கு மேல் இதை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

இதில் என்ன கோளாறு? ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு வெளிக்கள ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவர் பக்கமும் நூறு பந்து உயரே வருகிறது. முதலாமவன் 60க்கு ஓடிப்போய்ச் சேர்கிறான், 55ஐப் பிடிக்கிறான், 5ஐ விடுகிறான். இரண்டாமவன் 40க்குத்தான் போய்ச் சேர்கிறான், 39ஐப் பிடிக்கிறான், ஒன்றை விடுகிறான். சதவீதம்: முதலாமவனுக்கு 91.7, இரண்டாமவனுக்கு 97.5. பத்திரிகையில் இரண்டாமவன் பெயர் மேலே வரும், பரிசும் போகும். ஆனால் முதலாமவன் 16 பேரைக் கூடுதலாக அவுட் ஆக்கியிருக்கிறான். கையை நீட்டாதவனுக்குக் கை தவறாது. ஓடிப்போய்த் தொட்டுத் தவறவிட்டவன் குற்றவாளி, ஓடாமல் நின்று பார்த்தவன் நிரபராதி. நம் அலுவலகங்களில் கோப்பைத் தொடாமல் ஓய்வுபெறுகிறவர்களுக்கு நடக்கும் பாராட்டு விழாக்கள் உங்களுக்கு நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல.

பிழை எது என்று யார் முடிவு செய்வது? மேலே அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். அவருக்கு விதிப்புத்தகம் தரும் அளவுகோல் 'சாதாரண முயற்சி'. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடியதை விட்டால் பிழை. எவருடைய சாதாரணம்? நிழலில் உட்கார்ந்திருப்பவர் வெயிலில் ஓடுகிறவனுக்குச் சாதாரணத்தை நிர்ணயிக்கிறார். எண் என்று நாம் எடுத்துக்கொள்வதற்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. பின்னால் அது தீர்ப்பு என்பது மறந்து, எண் மட்டும் மிஞ்சுகிறது.

இதைப் போட்டு உடைத்தவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் டப்பாவில் பீன்ஸ் அடைக்கும் ஆலையில் இரவுக் காவலாளி. ராத்திரி முழுவதும் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அந்த மனிதர்தான் தடுப்பவனின் மதிப்பு என்ன என்று கேட்டார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. 1977இல் தன் கணக்குகளைத் தானே அச்சிட்டு ஒரு புத்தகமாகப் போட்டார். ஏறக்குறைய 75 பிரதி விற்றது. (இதைப் படிக்கிற நண்பர்களுக்கு இந்த எண்ணில் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது.) அவர் சொன்னது எளிமையானது: எத்தனை தவறவிட்டான் என்று எண்ணாதே, ஆட்டத்துக்கு எத்தனை செய்தான் என்று எண்ணு. இதற்கு வீச்சுக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நம் இரண்டு பேரில் முதலாமவன் உடனே மேலே வந்துவிடுவான்.

ஆனால் சோல்கர் பிரச்சினை இதிலும் தீராது. பந்து அதிகம் உயரே போகிற மாதிரி எறிகிற பந்துவீச்சாளன் அணியில் இருந்தால் வெளிக்களத்துக்கு வேலை அதிகம், எண்ணும் அதிகம். வேலை வராத இடத்தில் நிற்கிறவன் சோம்பேறி ஆகிவிடுகிறான். வாய்ப்பை எண்ண வேண்டும் என்றால் ஒவ்வொரு பந்தும் எங்கே போனது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவுகள் வெளியார் கைக்குக் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் தன் வாசகர்களிடம் கேட்டார்: நாமே எழுதினால் என்ன? 1984இல் புராஜக்ட் ஸ்கோர்ஷீட் என்று ஒரு தொண்டர் கூட்டம் கிளம்பியது. ஊர் ஊராக ரசிகர்கள், கூலி இல்லாமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு பந்தையும் தாளில் குறித்து அனுப்பினார்கள். அரசாங்கம் புள்ளிவிவரம் தர மறுத்தால் நாமே வீடு வீடாகப் போய் எடுப்போமே, அது மாதிரி. அந்த முயற்சியை நடத்திய ஜான் டூவன் பிறகு புள்ளிவிவர நிறுவனம் ஒன்றுக்குப் போய் அதை வியாபாரமாக வளர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்கள் சேர்த்தது கம்பெனிக்குப் போவது நாம் பார்க்காததா?

டூவன் கொண்டுவந்ததுதான் மண்டலக் கணக்கு. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் விழுகிற பந்தை அந்த இடத்தில் நிற்கிற எல்லோரும் சேர்ந்து எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது. பிறகு இந்த ஆளை அதோடு ஒப்பிடுவது. இப்போது வாய்ப்பு கணக்கில் வந்துவிட்டது. 2015க்குப் பிறகு எல்லாப் பெரிய மைதானங்களிலும் கேமராவும் ராடாரும் வந்துவிட்டன. பந்து காற்றில் எத்தனை நொடி இருந்தது, ஃபீல்டர் எத்தனை அடி ஓட வேண்டும், முன்னாலா பின்னாலா, சுவர் குறுக்கே இருக்கிறதா, எல்லாம் பதிவாகிறது. அதிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் பிடிபடும் வாய்ப்பு இவ்வளவு என்று போடுகிறார்கள். நாலில் ஒரு தடவை மட்டுமே பிடிபடுகிற பந்தைப் பிடித்தால் ஃபீல்டருக்கு முக்கால் புள்ளி வரவு, விட்டால் கால் புள்ளி பற்று. பத்தில் ஒன்பது தடவை பிடிபடுகிற பந்தை விட்டால் 0.90 பற்று, பிடித்தால் வரவு வெறும் 0.10. வருஷ முடிவில் கூட்டினால் சராசரி ஆளைவிட இவன் எத்தனை பேரைக் கூடுதலாக அவுட் ஆக்கினான் என்று வரும். அதை ஓட்டமாக மாற்றலாம். வெளிக்களத்தில் ஒரு கூடுதல் அவுட் ஏறக்குறைய ஒரு ஓட்டம் மிச்சம், அதற்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கு வந்தபின் கண்ணுக்குப் பழகிய பல விஷயங்கள் தலைகீழாயின. பாய்ந்து விழுந்து பிடிக்கிறவனைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். அவன் ஒரு கணம் தாமதமாகக் கிளம்பியதால் பாய நேர்ந்திருக்கலாம். மட்டையில் பந்து பட்ட சத்தத்திலேயே கிளம்பிவிட்டவன் நின்ற நிலையில் சும்மா பிடிக்கிறான், கைதட்டல் இல்லை. வேலையை எளிதாக்கிச் செய்கிறவனுக்கு, வேலையே எளிது என்று பெயர் வந்துவிடுகிறது. நம் வீட்டு அம்மாக்களிடம் கேளுங்கள்.

கேமராவாலும் சுலபமாகப் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. ராபர்ட்டோ கிளெமெண்டே, போர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் அணியின் வலது வெளிக்கள ஆட்டக்காரர். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் விழுந்து இறந்தார். வெளிக்களத்திலிருந்து எறிந்து 266 பேர் அவுட் ஆகக் காரணமாக இருந்தவர். ஆனால் அந்தக் கையின் முழு மதிப்பு இந்த 266இல் இல்லை. பந்து அவரிடம் போனால், அடுத்த தளத்துக்கு ஓடலாமா என்று யோசிக்கிறவன் ஓடாமல் நின்றுவிடுவான். நின்றுவிட்டால் எறிய வேண்டியதில்லை, எறியாவிட்டால் கணக்கில் ஒன்றும் ஏறாது. கை எவ்வளவு பயமுறுத்துகிறதோ அவ்வளவு எண் குறையும். ராபின் சிங்கிடம் அடித்துவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்பி, எதிர்முனையில் இருப்பவன் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிய ஓட்டங்களும் அப்படித்தான். ஓடாத ஓட்டத்தை எந்த நோட்டில் எழுதுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: மற்ற வெளிக்கள ஆட்டக்காரர்களிடம் இதே மாதிரி பந்து போகும்போது நூற்றுக்கு எத்தனை பேர் ஓடுகிறார்கள், இவரிடம் போகும்போது எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று வித்தியாசம் பார்ப்பது. நடக்காத ஒன்றை, நடந்திருக்கக்கூடியதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் பக்கம் ஏரி மாவட்டம். ஏரியின் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீர் கட்டுகிறவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். மழை ராத்திரியில் கரையில் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண் போடுகிறவரும் அவர்தான். பெரும்பாலும் தலித்துகள். கரை உடைந்தால் செய்தி, விசாரணை, யார் தவறு என்ற பேச்சு. உடையாத வருஷங்களில் அவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. களத்தில் கொஞ்சம் நெல் கொடுப்பார்கள். அது கணக்கு அல்ல, வழக்கம். உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-921 அளவில் வெட்டப்பட்டது, குடவோலை, ஜனநாயகம் என்றெல்லாம். அதில் ஏரி வாரியம் என்றே ஒரு வாரியம் உண்டு. அதற்குத் தேர்வாகத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதியும் இருந்தது, நல்ல விதிதான். மதகில் இறங்குகிறவனுக்கு அந்தக் கல்லில் ஒரு கட்டம் இல்லை.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 15, அதே வட்டாரம், காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், குடும்பத் தலைவியின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்றார்கள். இங்கேயும் தகுதி உண்டு, ஆனால் திருப்பிப் போட்டது: ஐந்து ஏக்கர் நன்செய்க்கு மேல் இருந்தால் கிடையாது. உத்திரமேரூரில் நிலம் இருந்தால் உள்ளே, இங்கே நிலம் இருந்தால் வெளியே. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எந்த வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் எடுத்தாள், எத்தனை கேட்ச் விட்டாள் என்று அளக்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை வைத்தார்களே, அதில் ஒரு விவேகம் இருப்பதாகவே படுகிறது. அளவிடாமல் அங்கீகரிக்கவும் முடியும் என்பதற்கு அது ஒரு உதாரணம். ஆனால் தொகை ஏன் ஆயிரம், ஏன் ஐந்தாயிரம் இல்லை என்று வாதாட வேண்டும் என்றால் மறுபடி கணக்குக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள், தெரியும். எண்ணுவது அதிகாரத்தின் வேலை, பூக்கோ படித்தாயா என்பார்கள். படித்தேன். ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி பஸ் ஏறிப்போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்காமலே தெரியும். ஒரு பாகத்தை மாட்ட எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள், அடுத்த மாதம் அந்த நொடி குறையும். ஃபீல்டர் எத்தனையாவது நொடியில் கிளம்பினான் என்று பார்க்கிற கேமராவும் அதே கேமராதான். 0.90 வாய்ப்புள்ள பந்தை விட்டவன் அடுத்த ஏலத்தில் விலை இறங்குவான். மண்டலக் கணக்கு அவனுடைய உழைப்பைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் முதலில் தெரிந்துகொண்டது முதலாளிதான். 'சராசரி ஃபீல்டர்' என்று ஒருத்தரை வைத்து எல்லாரையும் அளக்கிறார்களே, அந்தச் சராசரியாளர் எங்கும் பிறக்காதவர், களைப்படையாதவர், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வராதவர்.

இதெல்லாம் உண்மை. ஆனால் எண்ணாமல் விட்டால் நடப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பல்வங்கர் பாலு, பூனா ஐரோப்பியர் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்த தலித் இளைஞர். பந்து போடச் சொன்னார்கள், மணிக்கணக்காகப் போட்டார். மட்டையைக் கொடுக்கவில்லை. வேலைப் பிரிவினை அங்கே வெறும் ஆட்ட உத்தி அல்ல. மட்டை பிடிப்பது அனுபவிப்பது, பந்து போடுவதும் பொறுக்குவதும் ஊழியம். இந்தப் பிரிவினை இப்போது விதியாகவே வந்துகொண்டிருக்கிறது. பேஸ்பாலில் அடிக்க மட்டும் வந்து தடுக்க வராத ஆள் என்று ஒருவரை 1973இல் ஒரு லீக் அனுமதித்தது, 2022இலிருந்து எல்லாருக்கும் பொது. ஐபிஎல்லில் 2023 முதல் 'இம்பாக்ட் பிளேயர்'. ஒருவர் அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், அவர் இடத்தில் இன்னொருவர் வெயிலில் நிற்பார். எது இம்பாக்ட் என்று பெயர் வைப்பதிலேயே விஷயம் இருக்கிறது. அதே 2023 உலகக் கோப்பையில் இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளர் திலீப் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் சிறந்த ஃபீல்டருக்கு ஒரு பதக்கம் போட்டார். முதல் பதக்கம் சேப்பாக்கத்து ஆட்டத்துக்கு, கோலிக்கு. வீரர்கள் குழந்தைகள் மாதிரிக் கூச்சல் போட்டார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவர்களுக்கும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது உறுத்தியிருக்கிறது போல.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வேண்டும், ஆனால் நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கூலியில்லாமல் தாளில் குறித்த அந்த 1984 ரசிகர்கள் என் கட்சி, கேமராக் கம்பெனி இல்லை.

பரணில் நோட்டு கிடைத்த பிறகு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பாலாற்றில் மணல் போய்விட்டது, இப்போது ஆடுவது வறண்ட ஏரியில். மைதானத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கவெல்லாம் முடியாது. லாங் ஆன், லாங் ஆஃப், மிட்விக்கெட், கவர் என்று நாலு பக்கம் மட்டும். ஒவ்வொரு பந்துக்கும் மூன்று குறிப்பு: எந்தப் பக்கம் போனது, யார் நின்றார், எத்தனை ஓட்டம் ஓடினார்கள். ஒரு பக்கத்துக்கு மொத்தமாகப் பந்துக்கு எத்தனை ஓட்டம் போகிறது என்று சராசரி எடுத்து, இன்னார் நிற்கும்போது எத்தனை போகிறது என்று கழித்தால் போதும். எடுத்துக்காட்டாக, லாங் ஆனுக்குப் போகிற பந்துக்கு எல்லோரும் நிற்கும்போது இரண்டு ஓட்டம், ஒருத்தன் நிற்கும்போது ஒன்றரை என்றால், இருபது பந்துக்குப் பத்து ஓட்டம் அவன் அடித்த மாதிரி. பத்து ஓட்டம் அடித்தவனை அட்டையில் எழுதுகிறோம் அல்லவா?

குறைகள் நிறைய. ஏரியில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வெடிப்பு, மேட்டுப் பக்கம் நிற்கிறவனுக்கு வாழ்வு. சில ஞாயிறுகளின் எண்ணை நம்ப முடியாது. பேஸ்பாலில் ஒரு முழு வருஷக் கணக்கே போதாது, மூன்று வருஷமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஃபீல்டர் என்று தெரிந்ததும் அடிக்கிறவன் அந்தப் பக்கம் அடிப்பதை நிறுத்திவிடுகிறான், அவனுக்கு வரும் பந்தே குறைகிறது. கிளெமெண்டே சிக்கல் எங்கள் ஏரியிலும் வந்துவிட்டது.

ஆனாலும் ஒன்று நடந்தது. மூன்றாவது வாரம், லாங் ஆனில் நின்றுகொண்டிருந்த பையன் ஓவர் முடிவில் ஓடிவந்து, "அண்ணா, என் பேர எழுதினீங்களா? அந்த நாலு போவாம நிறுத்தினேனே" என்றான். எழுதியிருந்தேன். இனிஷியலைத் தப்பாக எழுதியிருந்தேன், அவனே பேனாவை வாங்கித் திருத்தினான். பிறகு, எதிரணியில் மிட்விக்கெட்டில் நின்றவனின் எண்ணைக் கேட்டான். சொன்னேன். திரும்பிப் போகும்போது முன்பு நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு உள்ளே தள்ளி நின்றுகொண்டான்.